நடுப்பக்கம் சொன்ன முதல் பாகங்கள்

இந்தப் பூமியில் எழுதப்பட்ட அத்தனை விஞ்ஞானக் கதைகளைப் பற்றியும் மந்திரக் கதைகளைப் பற்றியும் முழுக்க முழுக்கத் தப்பான அபிப்பிராயம் வைத்திருந்த ஒரே மனிதர், எழுபதுகளில் எங்கள் மரக்காணத்தில் வாழ்ந்தார். ஒன்றிரண்டு தப்பு என்றால் மன்னித்துவிடலாம். இவர் வாயைத் திறந்தால் கேட்டுக்கொண்டிருப்பவர் டீ கிளாஸைக் கீழே போட்டுவிடுவார். நானே போட்டிருக்கிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் 'நடுப்பக்கம்'. உப்புத் தரகர், சொந்தமாகக் கொஞ்சம் உப்பளமும் உண்டு. பெரிய மீசை, விரலில் பவழ மோதிரம், மணி இல்லாத சைக்கிள். மணிக்கு அவசியமே இல்லை, குரல் போதும். அவர் உப்பளத்தில் விலை பேசினால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தான் நான் லெண்டிங் லைப்ரரி நடத்தினேன். என் அப்பா உப்பு ஆபீஸில் குமாஸ்தா. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்ததுதான் அவர் எனக்கு விட்டுப்போன சொத்து. அதிலும் ராக்கெட், பூதம், மந்திரவாதி, வேற்றுக் கிரகம் இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத கதையை அவர் கையால் தொடமாட்டார். தடிமனாக இருந்தால் தையல் விட்டுவிடும் என்று பாண்டிச்சேரி பைண்டர் ஒவ்வொரு கதையையும் இரண்டு பாகமாகப் பிரித்துத் தைத்துக் கொடுத்திருந்தார்.

திண்டிவனத்தில் இருந்த என் அண்ணனுக்கு, கல்யாணமாகாத தங்கை தனியாகக் கடை போட்டு உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லை. "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். ஓடலைன்னா பூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு. அண்ணிக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அண்ணிக்கு ஒத்தாசை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? அந்த வீட்டு அடுப்படிக்குள் ஒருமுறை நுழைந்தால், பிறகு ஜன்மத்துக்கும் ஒரு புத்தகத்தைப் பிரிக்க முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் நடுப்பக்கம் ஒருநாள் கடைக்குள் வந்தார். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார், நட்டநடுவில் பிளந்தார், நின்றபடியே அரைப் பக்கம் படித்தார். "சரக்கு தேறும்" என்றார்.

"ஐயா, அது ரெண்டாம் பாகம். முதல் பாகம் இதோ இருக்கு."

"அது எதுக்கும்மா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "உப்பு அம்பாரத்த பாத்திருக்கியா? மேல இருக்கிறது மழையில கழுவி சும்மா பளபளன்னு மினுக்கும். அத்தப் பாத்து வெல பேசுனவன் நாசமாப் பூடுவான். நடுவுல கைய விட்டு ஒரு பிடி எடுத்து வாயில போடணும். அப்பதான் இன்னா சரக்குன்னு தெரியும். கதையும் அப்படித்தான். மொத பக்கத்துல எல்லாருந்தான் நல்லா எழுதுவான்!"

உப்பு வாங்குகிற முறையில் கதை படித்த மனிதர் உலகத்தில் வேறு யாராவது உண்டா, எனக்குத் தெரியாது. பாதியிலிருந்து படித்தாலும் குடும்பக் கதை என்றால் ஓரளவு புரிந்துவிடும். மாமியார் யார், மருமகள் யார் என்று பேச்சிலேயே தெரிந்துவிடும். ஆனால் இவருக்குப் பிடித்ததோ ராக்கெட்டும் பூதமும். விளைவு பயங்கரமாக இருந்தது.

ஒரு கதையில் கொடிய மந்திரவாதி ஒருவன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்க் குகையில் அடைத்துவிடுவான். தூக்கிக்கொண்டு போவதெல்லாம் முதல் பாகம். இரண்டாம் பாகம், அவன் அவளுக்குத் தட்டு நிறையப் பழம் கொண்டுவந்து வைத்துச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுவதில் ஆரம்பிக்கும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த நடுப்பக்கத்தின் கண் சிவந்திருந்தது.

"அந்தப் பெரியவர மாதிரி தங்கமான மனுசன் உண்டாம்மா? வேளாவேளைக்கு பழம் குடுக்கறாரு. அந்தப் பொண்ணு மூஞ்சத் திருப்பிக்கினு உக்காந்திருக்குது. எவனோ ஒருத்தன் குதிரைல வந்து அவரக் குத்திட்டு, பொண்ண இட்டுக்கினு பூட்டான். கேக்க நாதியே இல்லியா?"

"ஐயோ, அவன்தாங்க வில்லன்! அவளைக் கடத்திட்டு வந்ததே அவன்தான்!"

"எங்க போட்டிருக்குது?"

"முதல் பாகத்துல."

"அப்ப அது வேற கதை" என்று ஒரே போடாகப் போட்டார்.

செவ்வாய்க் கிரகத்து ஜனங்கள் பூமிக்கு வந்து நகரங்களை எரிக்கும் கதைக்கும் இதே கதிதான். எரித்ததெல்லாம் முதல் பாகத்தில் முடிந்துவிட்டது. இவர் பார்த்தது, பூமிக்காரர்கள் அவர்களை விரட்டி விரட்டி அடிப்பதை மட்டும். "ஊர் விட்டு ஊர் வந்த ஜனங்கம்மா. ஒரு சொம்புத் தண்ணி குடுத்தாங்களா? நம்ம ஊர்ல இப்படி நடக்குமா?" என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி பூமியைத் திட்டினார். சென்னை பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் பயந்துபோய் மறுபடியும் ஏறிக்கொண்டது.

இரும்பு மனிதன் விவகாரம் இன்னும் மோசம். கதாநாயகனின் தம்பி உண்மையில் ஒரு யந்திரம் என்பது முதல் பாகத்தின் ரகசியம். இரண்டாம் பாகத்தில் எல்லோருக்கும் அது தெரியும், அதனால் யாரும் அதைச் சொல்வதில்லை. நடுப்பக்கம் ஒருநாள் கவலையோடு வந்தார். "அந்தத் தம்பிக்காரன் சாப்பிடவே மாட்டேங்கறாம்மா. வயித்துல ஏதோ கோளாறு இருக்குது. வூட்ல ஒருத்தரும் கவனிக்க மாட்டேங்கறாங்களே?" அவன் யந்திரம் என்று நான் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒடம்பு சரியில்லாத புள்ளையப் பத்தி இப்படியாம்மா பேசறது?" என்று கேட்டுவிட்டுப் போனவர், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. யந்திரத்துக்காக என்மேல் கோபித்துக்கொண்ட ஒரே வாடிக்கைக்காரர்!

பொதுவான சில கொள்கைகளும் அவருக்கு உண்டு. "ராக்கெட்டு எப்படிக் கெளம்புதுன்னு நாலு பக்கம் எழுதறானே, பஸ் எப்படிக் கெளம்புதுன்னு எவனாச்சும் எழுதறானா? ஏறுனா போவுது, அவ்ளோதான்" என்பார். "மந்திரக் கதைல தப்பு பண்ணா சாமி கேக்கும். விஞ்ஞானக் கதைல யாரும் கேக்கறதில்ல. அதான் படிக்கறப்பவே பயமா இருக்குது" என்பார். இப்படி எப்போதாவது சொல்வதில் நியாயம் இருந்துவிட்டால் அதற்கும் நான் அதிர்ந்துபோவேன்.

ஐப்பசியில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. கடையைப் பூட்டிவிட்டுத் திண்டிவனம் போனேன். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ரேடியோவில் புயல் என்றார்கள். கடற்கரைப் பக்கம் பஸ்ஸே இல்லை. அண்ணன் வீட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து, அண்ணியே பரிதாபப்பட்டுக் காப்பி கொடுத்தாள்.

பஸ் விட்டதும் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தேன். கடையில் பூட்டு உடைந்து தொங்கியது. கூரையில் பாதி ஓடு இல்லை. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். அப்பாவின் புத்தகங்கள் ஊறி உப்பி, தொட்டால் பிய்த்துக்கொண்டு வந்தன. கையில் வந்தது எல்லாமே முதல் பாகம். இரண்டாம் பாகம் ஒன்றுகூட இல்லை. எந்தத் திருடன் இரண்டாம் பாகத்தை மட்டும் திருடுவான்? கேள்வி மனதில் எழுந்த உடனேயே பதிலும் தெரிந்துவிட்டது. நடுப்பக்கத்தின் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் மனைவி வாசலில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். "வாம்மா. எங்க வூட்டு அரிசிய எறக்கிட்டு உன் புஸ்தகத்த ஏத்தியிருக்காரு, பாரு" என்று பரணைக் காட்டினார். அங்கே இரண்டாம் பாகங்கள் அத்தனையும், ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், கம்பீரமாக அடுக்கப்பட்டிருந்தன.

"முதல் பாகமெல்லாம் எங்கே?" என்று அலறினேன்.

நடுப்பக்கம் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "இருந்தது ஒரு மாட்டு வண்டி. மழையோ பேய் மழை. எல்லாத்தையும் எப்படிம்மா ஏத்தறது? அதான், வேண்டியத மட்டும் எடுத்தாந்தேன்."

வேண்டியதை மட்டும்! நான் அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஆசையாகச் சேர்த்ததில் பாதி போயிற்று. மிச்சம் இருக்கும் பாதியை எவன் வாடகைக்கு எடுப்பான்? அண்ணி வீட்டு அடுப்படி கண்முன்னால் வந்து நின்றது. இந்த மனிதரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டார்.

"இன்னும் கேளும்மா. மூடறதுக்கு ஒண்ணுமில்லன்னு, நம்ம உப்பு அம்பாரத்து மேல போட்டிருந்த ஓலைக் கீத்தை எல்லாம் உருவி உன் புஸ்தகத்து மேல போட்டுக் கொண்டாந்தாரு. அங்க உப்பு கரைஞ்சு ஓடுது. நான் கத்தறேன், காதுலயே வாங்கல."

"சும்மா இருடி. உப்பு அடுத்த வருசமும் வெளையும்" என்றார் அவர்.

அத்தனை அதிர்ச்சி கொடுத்த மனிதர் கடைசியில் தன் உப்பையும் கொடுத்துவிட்டார். நான் அழுதேன். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

தண்ணீர் வடிந்து, கடைக்கு ஓடு மாற்றி, பாதிப் புத்தகங்களை அடுக்கிவைத்த அன்றே அண்ணன் வந்துவிட்டார். அலமாரியைப் பார்த்தார். "பொங்கல் வரைக்கும் எதுக்கு? பாதி பாதிக் கதையை எவன் படிப்பான்? மூட்டையைக் கட்டு. சாயங்கால பஸ்ஸுக்குப் போயிடலாம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உக்காருங்க சார்" என்று ஒரு குரல். பெஞ்சில் நடுப்பக்கம். "மொத பாகம் இல்லன்னு யாரு சொன்னது? நான் சொல்றேன், கேளுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜன்மத்தில் ஒரு முதல் பாகத்தையும் தொடாத மனிதர்! ஆனால் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த மந்திரவாதி அசலில் ஓர் உப்பள முதலாளியாம். அரண்மனைக்கு உப்பு கொடுத்து வந்தாராம். இளவரசிக்கு வந்த தீராத நோயைக் குணப்படுத்துவதாக ராஜாவுக்கு வாக்குக் கொடுத்து, மலைக் குகையில் வைத்துப் பத்தியச் சாப்பாடு போடுகிறாராம். அந்தக் குதிரைக்காரன், ராஜா வீட்டுச் சொத்துக்கு ஆசைப்பட்ட பங்காளியாம்!

"அநியாயம்!" என்றேன் நான். அண்ணன் என்னை அதட்டினார். "சும்மா இரு, அவர் சொல்லட்டும்."

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலில் கூடினார்கள். சாப்பிடாத தம்பியைப் பற்றி ஒருவர் கேட்க, அவன் அம்மாவுக்கு உடம்பு தேற வேண்டும் என்று பிரம்மதேசம் கோயிலில் விரதம் எடுத்த கதை பிறந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு மீன்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யந்திரத்துக்கு விரதம்! அப்பா உயிரோடு இருந்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்.

சாயங்கால பஸ் வந்தது, போனது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. "அப்புறம் குதிரைக்காரன் குகையைக் கண்டுபிடிச்சானா?" என்று கேட்டார்.

"அது புஸ்தகத்துல இருக்குது சார். தங்கச்சி கிட்ட வாங்கிக்கினு போங்க."

அண்ணன் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்க வந்தவர், செவ்வாய்க் கிரகத்துக் கதையை எடுத்துக்கொண்டு நேராகப் பெஞ்சுக்குப் போனார். மூட்டை கட்டும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை. பொங்கலன்று கடையில் நிற்க இடமில்லை.

கூட்டம் குறைந்த ஒருநாள் நடுப்பக்கத்திடம் கேட்டேன். "முதல் பாகம் எதுக்குன்னு கேட்டவராச்சே நீங்க?"

"எனக்கு இன்னாத்துக்கும்மா அது? கடைக்கு வேணுமில்ல" என்று சொல்லிவிட்டு, இன்னொரு இரண்டாம் பாகத்தை எடுத்து நடுவில் பிளந்தார்.

கொஞ்ச காலம் கழித்து, பாண்டிச்சேரி பழைய புத்தகக் கடை ஒன்றில் அந்த மந்திரவாதிக் கதையின் முதல் பாகம் எனக்குக் கிடைத்தது. யாரோ புண்ணியவான் அழகாக பைண்டு பண்ணியிருந்தார். ஆசையோடு வாங்கி வந்து வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டேன். கடைக்கு எடுத்துப்போகவில்லை, மனசு வரவில்லை. முதல் பாகம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு எப்போதும்போல் பெஞ்சைக் காட்டினேன். நடுப்பக்கம் உப்பளத்திலிருந்து வராத நாட்களில், "முதல் பாகம் இன்னைக்கு லீவுங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சைக்கிள் வருகிறதா என்று நானும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.