என் நாக்கின் இடது ஓரம் தொடர்பாக அக்காவுக்கு

பெருமதிப்புக்கும் அதைவிடப் பெரிய கோபத்துக்கும் உரிய அக்காவுக்கு,

நான் நலம். உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் இப்போது இல்லை. ஆனால் விசாரிக்காமல் கடிதம் தொடங்கினால் அம்மாவிடம் கொட்டு விழும் என்பதால், விசாரித்ததாகவே வைத்துக்கொள்ளவும். நிற்க.

நம் குடும்பத்தின் கடைசி வாரிசும், பதினொன்றாம் வகுப்பின் தலைமை வம்பனும், உன் ஒரே தம்பியுமாகிய என்னுடைய நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிர்வீட்டில், நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் குடியிருந்து வந்த சதைக்கட்டி, முந்தாநாள் காலை பதினொரு மணி பத்து நிமிடத்துக்கு முறைப்படி வெளியேற்றப்பட்டது என்பதை மிகுந்த பெருமையோடு அறிவித்துக்கொள்கிறேன். மலர்வளையம் வேண்டாம். மன்னிப்புக் கடிதம் போதும். உன் கையெழுத்தில், இரண்டு பக்கத்துக்குக் குறையாமல்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீதான் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாயே. அதனால்தான் நீ வேலை பார்க்கிற கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுதுகிறேன். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து யாருக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிக்கிற உனக்கு, சொந்தத் தம்பி நாக்கில் இருந்தது தெரியவில்லை. அந்த எழுத்துப் பலகையின் கீழேயே நின்று இதைப் படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கட்டியை முதலில் பார்த்தது நான். முதலில் காட்டியது உனக்கு. அம்மாவுக்கு முன்னால், அப்பாவுக்கு முன்னால், உனக்கு. குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒரு கையால் நாக்கை இழுத்துப் பிடித்து, இன்னொரு கையால் போனைப் பிடித்து, பதினேழு படம் எடுத்து, அதில் எச்சில் குறைவாக இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். நீ என்ன பண்ணே? ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினே. அதோட விட்டியா? படத்தைத் தூக்கிக் குடும்பக் குழுவுல போட்டு, "மாதுளை மறுபடியும் காய்ச்சிருக்கு, யாரும் ஏமாற வேண்டாம்"னு எழுதினே. பெரியப்பா, அத்தை, அவங்க பசங்க, இதுவரைக்கும் அந்தக் குழுவுல வாயே திறக்காத சித்தப்பா உட்பட பதினாலு பேர் சிரிச்சாங்க. எண்ணி வெச்சிருக்கேன்.

சரி. போன வருஷம் மாதுளை முத்தை நாக்கில் ஒட்டவைத்துக்கொண்டு, "அக்கா, ரத்தக்கட்டி" என்று உன்னிடம் காட்டியது நான்தான். நீ செருப்புக்கூடப் போடாமல் என்னை மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு ஓடியதும், கடைக்காரர் எட்டிப் பார்க்கும்போது நான் அதை மென்று விழுங்கியதும் வரலாறு. மறுக்கவில்லை. ஆனால் அது கலை, இது சதை. இந்த வித்தியாசம் தெரியாதவளுக்கு யார் கண்ணாடிக் கடையில் வேலை கொடுத்தார்கள்?

நீ கைவிட்ட பிறகு ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் அப்பாவிடம் போனேன். லிஃப்ட் பழுது பார்க்கிற அப்பாவுக்கு உலகமே லிஃப்ட் என்பது உனக்குத் தெரியும். லிஃப்ட் குழிக்குள் அடிக்கிற அந்தப் பெரிய டார்ச்சை வாய்க்குள் அடித்து, எப்போதிருந்து, மேலே போகும்போதா கீழே வரும்போதா, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தாய் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "எங்கேயோ எதுவோ உரசுதுடா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் என்ன, இரண்டாவது மாடியில் நின்றுபோன பெட்டியா? அவரை அப்படியே விட்டுவிட்டு, நானே பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். நான்கு மில்லிமீட்டர். தேதி போட்டு எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். அம்மா பார்க்க வேண்டும் என்றுதான்.

அம்மா பார்த்தாங்க. ஒரு வாரம் கழிச்சு, தையல் மெஷினை நிறுத்திட்டு, டேப்பை வெந்நீர்ல கழுவிட்டு, என்னை ஜன்னல் பக்கம் நிக்க வெச்சு அளந்தாங்க. அளவு நோட்டுல, யாரோ ஒரு மேனேஜரோட இடுப்புக்கும் யாரோ ஒரு டீச்சரோட கை நீளத்துக்கும் நடுவுல, "நாக்கு, இடது, ஒன்பது"ன்னு எழுதினாங்க. எழுதிட்டு அந்த ஒன்பதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. ஏழு நாள்ல நாலு, ஒன்பதாயிடுச்சு. இதே வேகத்துல போனா பரீட்சைக்குள்ள வாய் பத்தாதுன்னு நான் மனக்கணக்கு போட்டேன். அம்மா உனக்குப் போன் பண்ணாங்க. ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினாங்க, அது உனக்குத் தெரியாது. நீ சொன்னே, "அம்மா, இப்போ ரெண்டு முத்து ஒட்டியிருப்பான், நீ போய் வேலையைப் பாரு."

அதுக்கப்புறம் அம்மா என்னைத் திட்டலை. மெஷின் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வெச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். அம்மா திட்டாம இருந்தா எவ்வளவு பயமா இருக்கும்னு உனக்குத் தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும், உன்னை அவங்க திட்டாம விட்டதே இல்லையே.

மறுநாளே வாய் அறுவை செய்கிற டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கையுறை போட்டு, துணியால் நாக்கைப் பிடித்து இழுத்து, அழுத்தி, திருப்பி, வலிக்கிறதா, ரத்தம் வருகிறதா, மரத்துப் போகிறதா, வளர்ந்திருக்கிறதா என்று கேட்டார். வளர்ந்திருக்கிறதா என்றதும் அம்மா நோட்டை நீட்டினார். டாக்டரம்மாவின் முகம் மாறியது. தன்னுடைய சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்து அளந்தார். நான்கு. திரும்ப அளந்தார். நான்கேதான். அம்மா நோட்டைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அது... லூஸுக்கு விட்டதுங்க," என்றார். இருபது வருஷமாக அளவு எடுத்து எடுத்து, எதை அளந்தாலும் கொஞ்சம் தளர்வாக எழுதுவதே கைப்பழக்கமாகிவிட்டதாம். என் நாக்குக்கும் சேர்த்து. அந்த ஐந்து மில்லிமீட்டருக்காக நான் ஒரு நாள் முழுக்க மனதுக்குள் உயில் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் உனக்கு ஒன்றுமே வைக்கவில்லை.

இப்போது பாடம், கவனமாகப் படி. அது நார்க்கட்டி. கடைவாய்ப் பல்லின் ஓரம் உடைந்து கூராக நிற்கிறது. (எப்படி உடைந்தது என்பது இந்தக் கடிதத்துக்கு அப்பாற்பட்ட விஷயம்.) அந்தக் கூர் நாக்கில் உரசி உரசி, இறுக்கமான செருப்பு காலில் காய் காய்க்க வைப்பது போல, நாக்கு அந்த இடத்தில் தடித்துப்போயிருக்கிறது. டாக்டரம்மா உரசல் என்றதும் அப்பா என் பக்கம் திரும்பினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பாக இருந்தால் அது வேறு, ஒரு வகை மரு. நீர்க்குமிழி மாதிரி இருந்தால் எச்சில் சுரப்பி அடைத்துக்கொண்டது. இதில் எதுவும் புற்று இல்லை. ஆனாலும் பார்வையை மட்டும் நம்பித் தான் சத்தியம் செய்வதில்லை என்றும், எடுத்து ஆய்வுக்கு அனுப்பித்தான் உறுதி சொல்வேன் என்றும், வாயில் எது வந்தாலும் இரண்டு வாரத்தில் போகவில்லையென்றால் காட்டிவிட வேண்டும் என்றும் சொன்னார். மூன்றாவது வாரத்தில் வந்திருக்கிறாயே, யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டார். சொன்னேன் என்றேன்.

முந்தாநாள் அறுவை. ஊசி போட்டார்கள், சிரித்தேன். வெட்டினார்கள், கூரையில் இருந்த விளக்குகளை எண்ணினேன். இரண்டு தையல் போட்டார்கள். அம்மா போடுவதைவிட நெருக்கமான தையல். இந்த வயதில் இப்படி ஒரு நெஞ்சுரத்தைத் தான் பார்த்ததே இல்லை என்று டாக்டரம்மாவே நர்ஸிடம் சொன்னார். நீ மட்டும் அங்கே இருந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாய். ஆனால் நீ அங்கே இல்லை. நீ எங்கேயும் இல்லை. அதுதான் கோபம். கட்டி மேலகூட எனக்கு இவ்வளவு கோபம் இல்லை.

வயதில் சின்னவன் உன்னை வாழ்த்தக்கூடாதுதான். என்றாலும் நாக்கில் மூத்தவன் என்ற உரிமையில் வாழ்த்துகிறேன்: உன் கடைக்கு வருகிற அத்தனை பேரும் பலகையின் முதல் எழுத்திலேயே திணறட்டும். உன் முதலாளியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
நீ நம்பாத,
தம்பி

பின்குறிப்பு: கட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கு.

நர்ஸ் கழுத்துல துணி கட்டினாங்க. ஊசியைப் பார்த்தேன். பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு மூணு மாடி படியிலேயே இறங்கி ஓடிட்டேன். அப்பா கீழே அந்தக் கட்டிடத்து லிஃப்டை வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னார். முடிஞ்சுதான்னார், முடிஞ்சுதுன்னேன். ரெண்டு நாளா வாய்ல பஞ்சை வெச்சுக்கிட்டுத் திரியறேன், அம்மா எல்லாத்தையும் ஆறவெச்சு, மசிச்சுக் குடுக்கறாங்க, தொண்டையில இறங்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரியிலேருந்து போன் வந்தது, அப்பா குரல்ல நானே பேசி, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடியும் நேரம் வாங்கியிருக்கேன். பெரியவங்க ஒருத்தர் கூட வரணுமாம். அம்மா வந்தா அழுவாங்க. அப்பா வந்தா லிஃப்டைப் பார்க்கப் போயிடுவார். நீ வந்தா திட்டுவே. திட்டிக்கிட்டே பக்கத்துல நில்லு, நான் உட்கார்ந்துடறேன்.