பூதத்தான் சுமந்த கற்கள்

"தொட்டுடாதீங்கோ. எது எங்கே இருக்கோ, அங்கேயே இருக்கட்டும்" என்றார் சந்திரமௌலி.

தொடவேண்டுமென்று பூதத்தானுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

கொய்னாவில் ஊர்களைப் புதைத்த பூகம்பம் பம்பாயையும் உலுக்கிவிட்டுப் போயிருந்தது. ஆண்டாப் ஹில்லில் பூதத்தான் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் மேல்மண் உதிர்ந்து, உள்ளே கூராகச் செதுக்கிய கற்கள் தெரிந்தன. மேடு தாங்குமா என்று பார்க்க வந்த பூகர்ப்ப இலாகா அதிகாரி சந்திரமௌலி, அவற்றின் முன் மண்டியிட்டுவிட்டார்.

"ஆதி மனுஷா செதுக்கினது. லட்சம் வருஷம் இருக்கும். அப்போ பூமி அசைஞ்சு இந்த இடம் உள்வாங்கிடுத்து, மேலே வண்டல் மூடிடுத்து. அதான் உடைச்ச கல்லும் அதோட சில்லும் பக்கத்திலேயே இருக்கு. நாளைக்கு கார்ப்பரேஷன் அதிகாரியை அழைச்சுண்டு வரேன்."

ஜீப் போனதும் பக்கத்து வீட்டு நாகூர் கனி வந்தார். அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான்.

"உம்ம வீடு போச்சு வே. எங்க ஊருல ஒருத்தரு கெணறு தோண்டும்போது முதுமக்கள் தாழி கெடச்சுது. கவர்மெண்டு வேலி போட்டுட்டான். இப்ப அவரு தோட்டத்துக்குள்ள போக அவரே மனு போடணும்."

பூதத்தான் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். குர்லாவில் லேத் பட்டறையில் உழைத்து, தகரம் தகரமாகச் சேர்த்துக் கட்டிய வீடு.

மறுநாள் காலை எல்லோரும் குழாயடியில் நின்ற நேரம் பார்த்து, கடப்பாரையோடு பின்பக்கம் போனான். நெம்பினான். கற்கள் வந்தன. கூடவே ஒரு வண்டி மண்ணும் வந்தது.

கற்களைச் சாக்கில் கட்டிக் கடற்கழியின் தண்ணீரில் வீசிவிட்டுத் திரும்பினான்.

"குழி பல்லைக் காட்டுதே" என்றாள் மனைவி முருகம்மாள்.

ரோட்டோரம் பெயர்த்துப் போட்டிருந்த ஜல்லியை அள்ளிவந்து குழிகளில் திணித்தான்.

"தாரு ஒட்டியிருக்கு. ஆதி மனுசன் ரோடும் போட்டானாக்கும்?" என்றாள் அவள்.

தாரைச் சுரண்டுவதற்காக மறுபடியும் ஜல்லியைப் பிடுங்கினான். மேட்டில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடியது. ஒரு பாளம் மண் சரிந்து, பின்சுவரைத் தள்ளிக்கொண்டு அடுப்புவரை வந்து நின்றது.

ஜீப்பும் வந்து நின்றது.

கார்ப்பரேஷன் அதிகாரி சரிந்த மண்ணைப் பார்த்தார். சந்திரமௌலி கற்கள் இருந்த இடத்தைத் தேடினார். ஒரு ஜல்லியை எடுத்துத் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தார்.

அந்த வரிசை வீடுகள் முழுவதும் சாயங்காலத்துக்குள் காலி செய்யவேண்டும் என்று உத்தரவானது. நாகூர் கனி வீட்டிலும் பாத்திரம் கட்டும் சத்தம் கேட்டது.

பூதத்தான் ஜீப் டிரைவர் அப்துல் வாஹிதிடம் போய் நின்றான். "அந்தக் கல்லுக இருந்திருந்தாலும் எங்கள காலி பண்ணத்தான சொல்லியிருப்பாவ, பாய்?"

அப்துல் வாஹித் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"யாரு சொன்னா? லட்சம் வருஷமா ஒரு சில்லுகூட நகரல, அதனால இந்த மேடும் நகராது, இவங்க இங்கயே இருக்கட்டும்னு காட்டத்தானே எங்க ஐயா கார்ப்பரேஷன்காரரைக் கூட்டிட்டு வந்தாரு."