கரிப்பானையும் கெண்டை மீனும்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை மரியசெல்வம் அவர்களுக்கு, செஞ்சியிலிருந்து மாமனார் தேவசகாயம் எழுதிக்கொண்டது. மாதா கிருபையால் நானும் உங்கள் அத்தையும் பசுமாடும் சுகம். தாங்களும், முழுகாமல் இருக்கும் என் மகள் ஆரோக்கியமும் சென்னையில் அவ்வண்ணமே இருக்க மன்றாடுகிறோம்.

கிறிஸ்துமசுக்கு வந்தபோது எங்கள் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு, பூச்சி மருந்து வாடை போகும்வரை ஆரோக்கியத்தைப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன் என்றீர்கள். கல்லூரியில் ரசாயனம் நடத்துகிறவர் சொன்னால் நான் என்ன பேச முடியும்? பக்கத்துக் கொல்லை ஆதிமூலம் மருந்தடித்த மறுநாளே மழை பெய்து எல்லாம் கிணற்றில் இறங்கியது உண்மைதான். மில்லில் வேர்க்கடலை உடைத்து வீணாய்க் கொட்டும் மல்லாட்டைத் தோலைக் கரியாக்கி, அதில் தண்ணீரை வடித்தால் மருந்தைக் கரி பிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னீர்கள். மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொளுத்தினேன், சாம்பலாகிவிட்டது. சாம்பலும் கரியும் அண்ணன் தம்பிதானே என்று அதிலேயே வடித்தேன், வழவழவென்று வந்தது. உங்கள் அத்தை அதில் என் வேட்டியை ஊறவைத்தாள். வேட்டி நன்றாக வெளுத்தது.

பிறகு தோலைப் பானையில் அடைத்து, மூடிக் களிமண் பூசிச் சுட்டேன். ஆதிமூலம் வந்து, “இன்னா மாமா, மல்லாட்டத் தோலுக்குச் சூளையா போட்ற?” என்றான். “உன் மருந்துக்குத்தான்டா” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு அன்று முழுக்க அவனே விறகு தள்ளினான். கன்னங்கரேலென்று கரி விழுந்தது. அடியில் ஓட்டை போட்ட பானையில் மணலும் கரியுமாக நிரப்பி ஊற்றினேன், இறங்கிய தண்ணீரில் வாடையே இல்லை. ஆனால் என் மூக்கைத் தாங்கள் நம்ப வேண்டுமே. ஏரிக் கெண்டை இரண்டைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டேன், பொழுது சாய்வதற்குள் மிதந்துவிட்டன. கரித் தண்ணீரில் விட்ட இரண்டும் துள்ளி விளையாடின. தங்களுக்குக் காட்டத் தொட்டியில் தவிடு போட்டு வளர்த்தேன். தபசுகால வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்த் திரும்பினால் வீட்டில் மீன்குழம்பு. இரண்டாம் முறை சோறு வாங்கிய பிறகுதான் தொட்டி ஞாபகம் வந்தது.

“ஏன்டி, என் சாட்சியக் கொழம்பு வச்சிட்டியே” என்றேன்.

“வெள்ளிக்கெழமை கறி திங்கக் கூடாது, மீனு ஊட்லயே இருக்குது. மாதா குடுத்தாங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

சாட்சியைத் தின்ற நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இதையே அத்தாட்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆரோக்கியம் எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. உங்கள் அத்தை தொட்டில் சேலையைத் துவைத்து மடித்து வைக்கிறாள், மறுபடி எடுத்துத் துவைக்கிறாள். தயவுசெய்து மகளை அனுப்பி வையுங்கள்.

தங்கள் வீட்டில் சமாதானம் குடியிருக்க ஆசீர்வதிக்கும்,
தேவசகாயம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கப் போனால், மெட்ராஸ் பஸ்ஸிலிருந்து தங்கள் தம்பி துணையோடு ஆரோக்கியம் இறங்குகிறாள். கூடவே ஒரு மூட்டை கொட்டாங்குச்சிக் கரி. “நைனா கரி சுடத் தெரியாம அல்லாடுவாருன்னு அவரே சுட்டுக் குடுத்தாரு” என்றாள். மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம் மாப்பிள்ளை. முன்கூட்டியே ஒரு கார்டு போட்டிருந்தால் கெண்டைகளாவது பிழைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் என் பானைத் தண்ணீரை ஒரு செம்பு குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டாள். தங்கள் மூட்டையை நான் பிரிக்கவில்லை. அது பேரப்பிள்ளையின் தண்ணீருக்கு.