பச்சைக் குளத்தின் விஞ்ஞானி

பல் வைத்தியர்களின் பிள்ளைகளுக்குத்தான் சூத்தைப்பல் அதிகம் என்பது என் நீண்டநாள் சந்தேகம் (ஆதாரம் கேட்காதீர்கள், என் மைத்துனர் ஒருவர் பல் வைத்தியர்). எந்தத் தொழிலில் கெட்டிக்காரனோ, அந்தத் தொழிலை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிட்டுத்தான் மனிதன் வீட்டுக்குள் வருகிறான். நான் இருபத்தைந்து வருடங்களாக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பாலில் கொழுப்பு எவ்வளவு, பழச்சாற்றில் அமிலம் எவ்வளவு, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து சொல்வதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். அப்போதுதான் என் மானம் எவ்வளவு போனது என்று உங்களால் சரியாக அளக்க முடியும்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு வந்து, வென்ட்வேர்த்வில்லில் ஒரு பழைய வீடு வாங்கினோம். எனக்கு வேலை கிடைத்தது. மனைவி சுபாவுக்கு நடந்து போகும் தூரத்தில் தோசையும் முருங்கைக்காயும் கிடைத்தன. ஒன்றும் கிடைக்காதவள் எங்கள் மகள் அபி. மெல்பேர்ணில் நாங்கள் இருந்த பொயிண்ட் குக்கில் தெரு முழுக்கச் சிநேகிதிகளை விட்டுவிட்டு வந்த ஏழு வயதுக்காரி.

"பிள்ளை, மத்தியானம் ஆரோடை இருந்து சாப்பிட்டனி?" என்று சுபா தினமும் கேட்பாள்.

"பை மைசெல்ஃப்" என்பாள் அபி, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே.

அழமாட்டாள். அழுதிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவளிடம் இருந்த ஒரே துருப்புச்சீட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த நீச்சல் குளம். எட்டாவது பிறந்தநாளை நவம்பரில் அந்தக் குளத்தில் கொண்டாடப்போவதாக வகுப்பில் அறிவித்துவிட்டாள். இருபத்திரண்டு பிள்ளைகளை அழைத்தோம். இருபத்திரண்டு பேரும் வருவதாகச் சொன்னார்கள். அன்று இரவு அவள் அழைப்பிதழ் ஒன்றைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினாள்.

குளத்தைப் பற்றி ஒரு சிறு விளக்கம். எங்களுடையது உப்புத் தண்ணீர்க் குளம். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் ஒரு இயந்திரம் அந்த உப்பிலிருந்து குளோரினை உண்டாக்கி, தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும். உப்புக் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும், குளோரின் நின்றுவிடும். பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

சாதாரண மனிதனாக இருந்தால் இரண்டு மூட்டை உப்பை வாங்கிக் கொட்டியிருப்பான். நான் விஞ்ஞானி அல்லவா? அளக்காமல் ஒன்றும் செய்வதில்லை. நீச்சல் குளச் சாமான் விற்கும் கடையில் தண்ணீரை இலவசமாகப் பரிசோதித்துத் தருவார்கள். குசினி அலுமாரியில் சுபா சேர்த்து வைத்திருக்கும் வெறும் போத்தல்களில் ஒன்றை எடுத்து, (அலம்பித்தான்) குளத்துத் தண்ணீரை நிரப்பி, மூடியை இறுக்கிக்கொண்டு போனேன்.

கடையில் ஷெரில் என்ற பெண்மணி இருந்தார். அறுபது வயது, வெயிலில் காய்ந்த முகம், கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் கண்ணாடி. "நானும் இந்தத் துறைதான், ஆய்வுகூடம்" என்று கேட்காமலே சொல்லிவைத்தேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, பரிசோதனை முடிவை அச்சடித்துத் தந்தார். உப்பு நாலாயிரம் அளவில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாயிரம். அதோடு தண்ணீரில் அமிலமும் அளவுக்கு மிஞ்சி இருந்தது.

"உங்கள் இயந்திரம் தவறாகக் காட்டுகிறது போலிருக்கிறது. கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள்" என்றார் ஷெரில். அமிலத்தை அடக்க ஒரு வாளி வெள்ளைத் தூளும் தந்தார்.

மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். தூளையும் கொட்டினேன். தண்ணீர் பால் கலந்தது போல் கலங்கியது. சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது.

சுபா குளத்தில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "என்னப்பா, இதிலை உப்பே இல்லை. மிசினும் குறைவு எண்டுதானே சொல்லுது?"

"நாக்கு ஒரு அளவுக்கருவி இல்லை. நீர் சும்மா இரும். ரிப்போர்ட்டிலை ஒன்பதாயிரம் எண்டு கிடக்கு" என்றேன்.

"உங்கட ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கறியிலை போடுங்கோ" என்றுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் அதே போத்தலில் மறுபடி தண்ணீர் கொண்டுபோனேன். உப்பு ஏழாயிரத்துச் சொச்சம். குறைகிறது! என் வழி சரி! கடை வாசலில் தனியாக நின்று கையை முறுக்கிக் காற்றில் வெற்றிக் குத்து விட்டேன் (இதைப் பார்த்த ஒரு கிழவர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்). வீட்டுக்கு வந்து இன்னும் பாதித் தண்ணீரை வெளியேற்றினேன். இன்னொரு வாளி தூள் போட்டேன். மூன்றாவது வாரத்தின் தொடக்கத்தில் குளத்தின் ஓரங்கள் லேசாகப் பச்சையாகின. புதன்கிழமை நடுவும் பச்சை. வெள்ளிக்கிழமை, முதல்நாள் இரவு போட்ட வல்லாரைச் சம்பலின் நிறத்தில் முழுக் குளமும் கிடந்தது.

பிறந்தநாள் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. காலையில் கடை திறக்கும்போதே போத்தலோடு வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் ஐந்தாறு பேர் வரிசையில். ஷெரில் மூடியைத் திறந்தார். மூடியை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"இதற்குள் முன்பு என்ன இருந்தது?"

"ஒன்றுமில்லை" என்றேன். பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. "ஊறுகாய்."

"அப்படியென்றால்?"

"தேசிக்காய். உப்பு. மிளகாய்த்தூள்." ஒவ்வொரு சொல்லாக என் குரல் இறங்கியது. "முக்கியமாக உப்பு."

அவர் ஒரு சிறு கத்தியால் மூடிக்குள் இருந்த வட்ட அட்டையை நெம்பி எடுத்தார். நான் போத்தலைத்தான் அலம்பினேன், மூடியை அல்ல. ஆறு மாதம் ஊறுகாய்ச் சாற்றில் ஊறிய அந்த அட்டையின் பின்னால் உப்பு வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. காரின் பின்பெட்டியில் குலுங்கக் குலுங்க அதெல்லாம் தண்ணீரில் கரைந்து, இரண்டு வாரமாக என் தேசிக்காய் ஊறுகாயைத்தான் நாங்கள் பரிசோதித்திருக்கிறோம். அமிலமும் தேசிக்காய்ப் புளியின் உபயம். இதில் இன்னொரு விஷயம், மாதிரி எடுக்கும் போத்தலையும் மூடியையும் எப்படிக் கழுவ வேண்டும் என்று வேலைக்கு வரும் புதியவர்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான்.

"ஆய்வுகூடத்தில் வேலை என்றீர்களே?" என்றார் ஷெரில்.

"நிர்வாகப் பிரிவில்" என்றேன்.

அவரே ஒரு சுத்தமான போத்தலைத் தந்து வீட்டுக்கு அனுப்பினார். அதில் கொண்டுவந்த தண்ணீரில் உப்பு ஆயிரம்கூட இல்லை. உப்பு மூட்டைகளையும் பாசி மருந்தையும் ஏற்றிவிட்டார். குளம் தெளிய எத்தனை மணித்தியாலம் ஆகும் என்று கேட்டேன். "நாட்களில் கேளுங்கள்" என்றார்.

வீட்டில் சுபாவைக் காருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அவளிட்டை நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

அபி பலூன் கட்டிக்கொண்டிருந்தாள். "பிள்ளை, இண்டைக்கு நீந்தேலாது" என்றேன்.

"ஐ நோ, அப்பா" என்றுவிட்டு அடுத்த பலூனை எடுத்தாள். அந்த அமைதியைப் பார்த்து என் நெஞ்சு கிழிந்துவிட்டது.

இரண்டு மணிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள் தோளில் துவாயோடு வந்து இறங்கினார்கள். பின்வளவுக்கு ஓடினார்கள். நின்றார்கள். செம்பட்டைத் தலைமுடிக்காரி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு "யக்" என்றாள். இனி இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் தனியாகத்தான் சாப்பிடப் போகிறாள், அதற்குக் காரணம் நான், என்று நினைத்தபோது எனக்கு அந்தப் பச்சைத் தண்ணீரில் குதிக்கலாம் போல இருந்தது.

அபி முன்னால் போய்க் கையை விரித்து மறித்தாள். "யாரும் தொடக்கூடாது!" என்றாள் ஆங்கிலத்தில். "இது என் அப்பாவின் எக்ஸ்பெரிமென்ட். அவர் ஒரு சயன்டிஸ்ட்."

இருபத்திரண்டு தலைகள் என் பக்கம் திரும்பின. "உண்மையாகவா?" என்றாள் செம்பட்டைக்காரி, மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு. "உள்ளே உயிர் இருக்கிறதா?"

"கோடிக்கணக்கில்" என்றேன். பொய்யில்லை.

அதன்பிறகு முக்கால் மணித்தியாலம் பாசியைப் பற்றிப் பேசினேன். என் வாழ்க்கையில் நான் பேசி யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்லை. எல்லோருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கொஞ்சம் வேண்டுமாம். சுபா குசினி அலுமாரியையே காலி செய்து போத்தல்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தாள். "எல்லாம் மூடியோடை கழுவினது" என்றாள், என்னைப் பார்த்தபடி. அன்று இனிப்புப் பைக்குப் பதிலாக ஆளுக்கொரு போத்தல் பச்சைத் தண்ணீரோடு பிள்ளைகள் காரில் ஏறினார்கள். தாய்மாரின் முகங்களைப் பார்க்காமல் நான் கையசைத்தேன்.

திங்கட்கிழமை மாலை அபி சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, மத்தியானம் மூன்று பேரோடு இருந்து சாப்பிட்டதாகச் சொன்னாள். சுபா குசினிக்குள் போய் அழுதாள். நான் குளியலறைக்குள்.

இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எது பிழையாய்ப் போனாலும் அதற்குப் பெயர் எக்ஸ்பெரிமென்ட். அடிப்பிடித்த சோறு எக்ஸ்பெரிமென்ட். நான் பொருத்திப் பூட்டிய கட்டில் உடைந்ததும் எக்ஸ்பெரிமென்ட்தான். அபியின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்து, நூறு பேருக்கு முன்னால் நான் பேசினேன். ஊறுகாய்க் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு, குரல் தழுதழுக்க முடித்தேன். "எட்டு வயதிலை தகப்பன்ர மானத்தைக் காப்பாத்திறதுக்காக என்ர பிள்ளை ஒரு பொய் சொன்னவள். அதை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

அபி என்னிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"அப்பா, என்ன பொய்? நான் உண்மையா நம்பினனான். பூல் ஏன் கிறீனா இருக்கு எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டனான். 'அப்பா டெஸ்ட் பண்ணிக்கொண்டிருக்கிறன்' எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்? பத்து வயசிலை அம்மா சொல்லித்தான் ஊறுகாய் விஷயமே எனக்குத் தெரியும்."

மண்டபமே சிரிப்பில் இடிந்தது. சுபாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதையின் கடைசிப் பகுதியை அபிதான் சொல்கிறாள். ஊறுகாய்க்குச் சிரித்து ஓய்ந்தவர்கள், "நான் நம்பினனான்" என்று அவள் சொல்லும்போது இன்னொரு தடவை சிரிக்கிறார்கள். அந்த இடம் வரும்போது நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.