இரங்கற் பேரவைக்குத் தலைவர் தேவை

"பிரஷர் எம்புட்டுன்னு நான் கேக்கல டாக்டர். எங்க வீட்டுக்காரங்க ஏன் இப்படி ஆயிட்டாவன்னு கேக்கேன்!"

"ஏம்மா சத்தம் போடுதீங்க? நூத்தி முப்பதுக்கு எண்பது. தங்கமான பிரஷர். இன்னும் என்ன வேணும்?"

"அவுக சிரிக்கணும்."

"அதுக்கெல்லாம் மாத்திரை கெடையாதும்மா."

"அழுகதுக்கு மட்டும் குடுத்திருக்கீகளே!"

டாக்டர் ஐயம்பெருமாள் அறையில் நடந்த இந்தச் சண்டையை வெளியே பெஞ்சில் இருந்து கேட்ட நான் எழுந்து கதவில் காதை வைத்தேன். மனிதகுலம் கண்ட உன்னதங்களில் தலையாயது இரங்கற் கூட்டம். அந்தத் துறையில் 1994-இல் திருநெல்வேலி டவுண் எட்டிய சிகரத்தை வேறெந்த ஊரும் எட்டியதில்லை. அதற்குக் காரணமான தன் கணவரின் கண்ணீரைத்தான் உள்ளே சத்தம் போட்ட சண்முகசுந்தரி அம்மாள் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் 'டவுண் இரங்கற் பேரவை'யின் செயலாளர். யார் இறந்தாலும் மைக் செட்டோடு போய் நிற்போம். ஒரே குறை, எங்கள் கூட்டத்தில் யாருக்கும் அழுகை வராது.

அந்த அம்மாளின் கணவர் கோமதிசங்கர் ரதவீதி ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். வாயைத் திறந்தால் கடையே சிரிக்கும். ஓர் அல்வாக் கடைக்காரரின் படத்திறப்பில் எழுந்து, "அண்ணாச்சி அல்வா வாயை ஒட்டிரும். பேச வந்தவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு துண்டு குடுத்திருக்கலாம்" என்றார். இறந்தவரின் மனைவியே சிரித்துவிட்டார். கோமதிசங்கர் இனி எந்த இரங்கலிலும் 'கலந்துகொள்ளத் தகுதியற்றவர்' என்று தீர்மானம் போட்டோம்.

பிறகுதான் டாக்டர் அவருக்குப் பிரஷர் மாத்திரை எழுதினார். என்னே மருத்துவம்! சிரிப்பு நின்றது. தூக்கம் நின்றது. முன்பின் பார்த்திராத திசையன்விளை வியாபாரி ஒருவரின் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அன்றே 'ஏகமனதாக' அவரைத் தலைவராக்கினோம். விக்கிரமசிங்கபுரத்தில் இருந்தெல்லாம் அழைப்பு வந்தது.

உள்ளே அம்மாள் விடவில்லை. "நேத்து குறுக்குத்துறை ஆத்துல வாட்ச்சக் கழட்டிப் படியில வச்சிட்டு ஆழத்தப் பாத்து நடந்திருக்காவ. துணி தொவைக்க வந்தவங்க கையப் புடிச்சி இழுத்துட்டு வந்தாவ."

"ஆத்துக் குளியல் பிரஷருக்கு நல்லதும்மா."

வெளியே வந்தவரிடம் பணிவாகக் கேட்டேன். "அடுத்த வாரம் ரெண்டு கூட்டம் இருக்கும்மா. அது மட்டுமாவது..."

"ஒங்க பேரவைக்கு அழுகை வேணும்னா அந்த மாத்திரைய நீங்க தின்னுங்க அண்ணாச்சி!"

மறுநாளே கணவரைப் பாளையங்கோட்டையில் வேறொரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டரம்மா பிரஷர் கருவியைத் தொடுவதற்கு முன்பே, "எப்பருந்து இப்படி இருக்காங்க?" என்று கேட்டாராம். கருவி இருக்கும்போது மனிதரைக் கேட்பது என்ன முறை? "இந்த மாத்திரை சில பேருக்கு மனச அமுக்கிரும். நீங்களா நிறுத்தக் கூடாது. நான் பாத்து மாத்துதேன். அது வரைக்கும் இவரத் தனியா விடாதீங்க" என்றாராம்.

மாற்றினார். சில வாரத்தில் பேரவை அழிந்தது.

வன்னியராஜ் என்ற ஓட்டல்காரருக்கான கூட்டத்தில் நான் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். தலைவர் மைக்கை இழுத்து, "செயலாளர் முடிக்கதுக்குள்ள அடுத்த கூட்டத்துக்கு ஆள் தயாராயிரும் போலிருக்கே!" என்றார். கூட்டம் குலுங்கியது. பின்வரிசையில் சண்முகசுந்தரி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். அன்று ஈரமானவை அவர் கண்கள் மட்டுமே.

தலைவரை 'இழந்ததற்கு' இரங்கல் தீர்மானம் போட்டு மௌனம் காத்தோம். தலைவரும் எழுந்து நின்று காத்தார்.

இனி அழுவதற்கு ஆள் ஏது என்று டாக்டர் ஐயம்பெருமாளிடம் ஓடினேன். "எதுக்குவே பதறுதீரு? அதே மாத்திரையத்தான் இன்னும் நெறைய பேருக்கு எழுதுதேன். எல்லாருக்கும் பிரஷர் நார்மல்" என்றார்.

"அழுதாங்களா டாக்டர்?"

"அத நான் கேக்கதில்ல."

ஆகவே வாசகர்களே, தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறது. ஏதோ ஒரு மாத்திரை தொடங்கிய பிறகு சிரிப்பையும் தூக்கத்தையும் தொலைத்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? டாக்டர் கேட்க மாட்டார், நாங்கள் கேட்கிறோம். என்ன மாத்திரை, எப்போதிருந்து என்று ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். தாமதித்தால் மைக் செட்டோடும் மாலையோடும் நாங்களே உங்கள் வீட்டுக்கு வருவோம். தயவுசெய்து அதற்கு முன்னால் எழுதுங்கள்.