காபி டப்பாவிலிருந்து வந்த பெலிக்கன்

அந்த மோசடிக்காரனைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று வெண்டல் சபதம் செய்தார். சபதம் செய்தபோது அவர் வீட்டுக்குள்தான் இருந்தார். எதிரில் கோழி சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"ஆளைப் பிடிக்காம விடமாட்டேன், ஆர்லீன்!"

"பிடிங்க. முதல்ல ஸ்பூனை ஒழுங்காப் பிடிங்க. சட்டையெல்லாம் சூப்."

"இந்த வாரத்துல இது மூணாவது போலி பின்! கூண்டுவிளக்கு தூக்கிட்டு நிக்கிற பெலிக்கன் பறவை. முன்பக்கம் பார்த்தா அசல் மாதிரியே இருக்கு. கையில வாங்கி விளிம்பைத் தடவினா சொரசொரங்குது. மேஜையில போட்டா தகரச் சத்தம்!"

"அடடா! அப்புறம்?" என்று ஆர்லீன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் வெண்டலை யாரால் நிறுத்த முடியும்? ஃப்ளோரிடா குடிநீர் இலாகாவில் முப்பது வருஷம் தண்ணீரில் கலப்படம் தேடியவர். ஓய்வு பெற்றதும் பக்கத்திலிருந்த பெலிக்கன் கேளிக்கைப் பூங்காவுக்கு வருஷ பாஸ் இரண்டு வாங்கினார். ஒன்று தனக்கு, ஒன்று மனைவிக்கு. முதல் வருஷம் இரண்டு பேரும் ஜோடியாக ராட்டினம் சுற்றினார்கள். இரண்டாம் வருஷம் வெண்டலுக்குச் சட்டையில் குத்தும் பின்கள் மேல் பைத்தியம் பிடித்தது.

பூங்கா வெளியிடும் எனாமல் பின்களைச் சட்டையிலும் கழுத்துப்பட்டையிலும் குத்திக்கொண்டு ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது அங்கே பெரிய விளையாட்டு. பொம்மை ரயில் நிலையத்தில் ஒரு பலகையும் உண்டு. ஒரு பின்னைக் கொடுத்தால் பலகையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பலகையைத் தொடக் கூடாது, விரலால்தான் காட்ட வேண்டும். பின்புறம் முத்திரை இருந்தால் ஊழியர்கள் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். போலிக்காரர்கள் முதலில் அடிப்பதே அந்த முத்திரையைத்தான்.

வெண்டலோ யார் பின்னைக் கண்டாலும் பூதக்கண்ணாடியை எடுத்துவிடுவார். நகத்தால் கீறுவார், காதருகே தட்டுவார், நாலு பேர் காதில் விழும்படி "போலி!" என்பார். பேத்தி பரிசாகக் கொடுத்த பின்னை அப்படிச் சொல்லி ஒரு அம்மாளை அழவே வைத்திருக்கிறார். விளைவு, அவர் தலையைக் கண்டாலே ஜனங்கள் பின் புத்தகத்தை மூடிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடுவார்கள். தலை தெரியாமலும் இருக்காது. அவருடைய வைக்கோல் தொப்பி முழுக்க பின் மயம், வெயிலில் நின்றால் விமானம் இறங்கப் பார்க்கும். நாலு பேர் உட்காரும் பெஞ்சில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மூச்சுவிடாமல் உட்கார்ந்து சலித்துப்போன ஆர்லீன் தன் பாஸை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாள்.

மகள் கல்யாணமாகி சியாட்டிலில் இருக்கிறாள். வீட்டில் இரண்டே பேர். நல்ல பின் கிடைத்த நாளில் வெண்டல் சாப்பிடுவார், துடைப்பார், புத்தகத்தில் குத்துவார், படுத்துவிடுவார். சுவர்க்கடிகாரம்தான் பேசும். போலி மாட்டிய நாளில் மட்டும் சூப் ஆறும்வரை, ரொட்டி காயும்வரை பேச்சு. பேசி முடித்ததும் போலியைச் சமையலறைக் காபி டப்பாவில் போடுவார். "விஷத்தை மறுபடி ஊருக்குள்ள விடக் கூடாது" என்பார். அந்த டப்பா ஏனோ நிரம்பவே இல்லை. நல்ல ஆழமான டப்பா என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு கவனிச்சியா? எப்பவும் மேல் வரிசையில, இடதுகைப் பக்கமா இருக்கு. என் கண்ணு முதல்ல அங்கதான் போகும். அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"உங்களை அவ்வளவு தெரிஞ்சவங்க யாருங்க இருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே ஆர்லீன் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையிலேயே வெண்டல் தொப்பியும் தானுமாக ரயில் நிலையத்துத் தூணுக்குப் பின்னால் பதுங்கினார். வழக்கமாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவர் பலகைப் பக்கம் போவார். எதிரி அதையும் தெரிந்துவைத்திருப்பான். பலகைக்குப் பொறுப்பான லடோனா, தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டு பின்களை ஒழுங்குபடுத்தினாள். சுற்றுலா வந்தவர்கள் மாற்றினார்கள், போனார்கள். முழங்கால் கெஞ்சியது. கோடைமழை சடசடவென்று பிடித்துக்கொண்டது.

மழையில் மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று வந்தது. பைக்குள் கையை விட்டு ஒரு காபி டப்பாவை எடுத்தது. அதிலிருந்து ஒரு பெலிக்கனைப் பொறுக்கியது.

வெண்டலுக்கு முதலில் டப்பாதான் அடையாளம் தெரிந்தது. அப்புறம் மழைக்கோட்டு. அப்புறம்தான் ஆர்லீன்.

"வாங்கம்மா! இன்னைக்கு எங்க மாட்டட்டும்?" என்றாள் லடோனா.

"அதே இடம்தான் கண்ணு. மேல, இடதுகைப் பக்கம். கொஞ்சம் நேரா மாட்டு, கோணலா இருந்தா சட்டுனு அவர் கண்ணுல படாது."

"பாவம்மா அவரு."

"போலி ஏதும் மாட்டலைன்னா வீட்டுல வாயே திறக்க மாட்டார், லடோனா. பத்து நாள் நான் சுவரோட பேசினேன். அப்புறம்தான் இந்த யோசனை வந்துச்சு. நான் போடறேன், அவர் எடுத்துடறார். ஊருக்கு ஒரு கெடுதியும் இல்லை. நேத்து அவர் குடுத்துட்டுப் போனாரே அசல் ஆமை பின், அதை இப்படிக் குடு."

வெண்டலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆர்லீன் ஆமையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். மழைக்கு ஒதுங்கி ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்து, முறுக்கு ரொட்டி ஒன்று வாங்கினாள். பழக்கதோஷத்தில் அதை இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியை எதிர்ப்பக்கம் காகிதத்தில் வைத்தாள். முதல் வருஷம் அந்தப் பாதி வெண்டலுடையது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் அவளே தின்றாள். பிறகு பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போனாள்.

இத்தனை நாள் வெண்டல் தான் மட்டும்தான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்று ஒரு காலை எடுத்தும் வைத்தார். ஆனால் விஷயம் தெரிந்துவிட்டது என்று சொன்னால் அவள் நிறுத்திவிடுவாளே. நிறுத்தினால் ராத்திரிச் சாப்பாட்டில் மறுபடி கடிகாரம்தான் பேசும். இரண்டு பேரும் பேசுவதற்கு இருந்த ஒரே விஷயம் அந்தத் தகரப் பெலிக்கன்தான். செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று இரண்டாவது சபதம் செய்தார். பலகைக்குப் போய் விரலால் பெலிக்கனைக் காட்டினார். லடோனா சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அன்று ராத்திரி வெண்டல் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"மறுபடியும் ஏமாத்திட்டான், ஆர்லீன்! அயோக்கியன்!"

"அடப்பாவமே. சொல்லுங்க."

"காலையிலேருந்து காவல் காத்தேன். ஆள் வரவே இல்லை. ஆனா பின் மட்டும் வந்துடுச்சு!"

"ஒருத்தரும் வரலையா?"

"ஒரு ஈ காக்கா வரலை."

"மழைக்குக்கூட ஒதுங்கலையா?"

"மழையா? ஆமா, ஒதுங்கினாங்க. அயோக்கியன் மட்டும் ஒதுங்கலை. பயங்கரமான ஆளு அவன். ஆறடி உயரம் இருப்பான்னு நினைக்கிறேன்."

ஆர்லீன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடியே பேசவிட்டாள். விளிம்பு, சத்தம், முத்திரை எல்லாம் வரிசையாக வந்தன. வெண்டல் நேற்றைவிட இரண்டு மடங்கு கத்தினார். நடுவில் அவர் குரல் ஒருமுறை கரகரத்துப் போனது. அவள் பெலிக்கனை வாங்கிக் காபி டப்பாவில் போட்டாள். பிறகு தையல் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் திறந்து வைத்தாள். இத்தனை நாளாக அவர் பலகைக்குக் கொடுத்த அசல் பின்கள் அத்தனையும் உள்ளே வரிசையாகக் குத்தியிருந்தன. ஆமையும் இருந்தது.

வெண்டல் ஆமையைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்களுக்குக் கோபப்படக்கூட சரியா நடிக்க வரலைங்க," என்றாள் ஆர்லீன். "நாளைக்கு அந்தத் தூணுக்குப் பின்னால நிக்க வேணாம், முழங்கால் போயிடும். என்கூடவே வாங்க, ரொட்டியில பாதி தர்றேன். அந்தத் தொப்பியை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாங்க. இன்னைக்கு மழையிலகூட, பஸ்ஸை விட்டு இறங்கறப்பவே கண்ணைக் கூசிச்சு."