இம்பிரிமாத்தூருக்கு எந்த பஸ்?

தெரியாத சொல்லைக் கேட்டால் உடனே "விளங்கேல்லை" என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு சொல் வாயில் வராததால், நான் ஒரு பகல் முழுக்க இல்லாத ஊருக்கு வழி கேட்டு அலைந்தேன்.

வெள்ளாங்குளம் பக்கம் நாங்கள் மீளக்குடியேறிய புதிது. தகரக் கொட்டிலாக நின்ற எங்கள் மாதா கோவிலில், போருக்குப் பிறகு முதல் திருவிழா வரப்போகிறது. பாட்டுப் புத்தகங்கள் இடப்பெயர்வில் போய்விட்டதால் பாட்டெல்லாம் நானே எழுதினேன். (ஒரே பாட்டில் மாதாவை நான்கு தரம் 'நிலவே' என்று கூப்பிட்டிருந்தேன். அப்போது எனக்குக் கலியாணம் ஆகவில்லை.)

மன்னாரில் நின்ற பங்குத் தந்தைக்கு, சிக்னலுக்காகத் தண்ணீர்த் தாங்கியில் ஏறி போன் எடுத்தேன்.

"எழுதி முடிச்சிட்டீரோ? நல்லது. முதல்ல இம்பிரிமாத்தூர், பிறகுதான் அச்சகம். நாளைக்கே போம்!"

"ஓம் பாதர்" என்றேன், லைன் அறுந்துவிட்டது. மூதூர் இருக்கும்போது இம்பிரிமாத்தூர் இருக்கக் கூடாதா? மறுநாள் புறப்பட்டேன்.

அடம்பனில் கொண்டக்டரைக் கேட்டேன்.

"அந்தப் பக்கம் பஸ் இல்லை அண்ணை."

(அப்படி ஓர் ஊரே இல்லை என்று சொல்லியிருக்கலாம், பாவி.)

விதைநெல் மூட்டையோடு நின்ற ஒரு கமக்காரர் குரலைத் தாழ்த்தினார். "உள்ளுக்க போகாதையுங்கோ தம்பி. அங்க இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியேல்லை."

பங்குத் தந்தையிடமே வழி கேட்போம் என்று, பயந்துகொண்டே மன்னார் பஸ்ஸில் ஏறினேன். வழியில் சோதனைச் சாவடி. எங்கே போகிறாய் என்று சிப்பாய் கேட்டான். நிமிர்ந்து சொன்னேன்: "இம்பிரிமாத்தூர்."

வரைபடத்தில் தேடினார்கள். இல்லை. என்னை இறக்கி வாங்கிலில் இருத்தினார்கள், பஸ் போய்விட்டது. அந்த நாளில் அந்த வாங்கிலில் இருப்பது பகிடி இல்லை. மாதாவுக்கு எழுதிய பாட்டு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

பெரிய அதிகாரி வந்து என் பையைத் திறந்தார். பாட்டுத் தாள் கட்டின் மேலே நான் கீறிய மாதா படம்.

"மேரி மாதா?"

"ஓம் சேர்."

"போற இடம் திரும்பச் சொல்லு."

சொன்னேன். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் நீர்கொழும்புக் கத்தோலிக்கர்.

"தம்பி, அது ஊர் இல்லை! புக் அடிக்க பிஷப் பர்மிஷன். லத்தீன்! எங்கட சேர்ச் புக்லயும் இருக்கு."

அடுத்த பஸ்ஸை மறித்து அவரே ஏற்றிவிட்டார். கதையையும் கொண்டக்டரிடம் சொல்லிவிட்டார். மன்னார் வருவதற்குள் முழு பஸ்ஸுக்கும் தெரியும். பள்ளிமுனை அக்கா ஒருவர் மீன்கூடையோடு திரும்பி, "தம்பி, இம்பிரிமாத்தூர் வந்தா எனக்கும் சொல்லுங்கோ, இறங்க வேணும்" என்றார்.

பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்தில் மூன்று நிலவுகளை வெட்டிவிட்டு அனுமதி தந்தார்கள். திருவிழாவில் சனம் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பாடியபோது எனக்குக் கண் கலங்கியது. எதிரே நின்றவர்களோ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினார்கள்.

பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. எங்கள் புது ஒழுங்கைக்கு ஊரே வைத்த பெயர் இம்பிரிமாத்தூர். அப்படிச் சொன்னால்தான் ஓட்டோ வரும். போன கிழமை மகள் 'எனது ஊர்' என்ற கட்டுரைக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தாள். முதல் வரியே, 'நான் இம்பிரிமாத்தூரில் பிறந்தேன்.'

மனைவி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்தீங்களோ, இல்லாத ஊரிலயும் முதல் குடியேறினது நீங்கள்தான்!"